தோட்டத்து டிசம்பரும் தாமான் டிசம்பரும்

மலேசியாவின் ரவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொள்ளும். விடியற்காலையில் மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும். நனைந்த மரத்தில் பால் வெட்ட முடியாது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். வெட்டு இல்லாத நாளில் கூலி அடிபடும். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி உண்டா, இல்லையா என்பதை அந்த மழைதான் முடிவு செய்தது. 1970-களில் லயத்து வீடுகளில் வளர்ந்த எங்களைப் போன்ற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஊதா மெழுகுவத்தியும் தெரியாது, மலர்வளையமும் தெரியாது. காத்திருப்பது மட்டும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சாமியாருக்காகவும் காத்திருந்தோம். எங்கள் தோட்டத்துக்கு அவர் மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபமாலை சொல்லுவார், நாங்கள் பாயில் உட்கார்ந்து பதில் சொல்லுவோம். நாங்கள் ஆயா என்று அழைத்த பாட்டியின் இளமைக் காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. எங்கள் காலத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆயா பழைய ஒழுங்கை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டில் யாரும் இறைச்சி தொடக்கூடாது. திருச்சபை 1966-இலேயே நோன்பு விதிகளைத் தளர்த்திவிட்டது என்று உபதேசியார் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஆனால் மறுநாளுக்கான ஆட்டுக்கறி அன்று சாயங்காலமே அடுப்பில் ஏறிவிடும். மல்லித்தூளும் சோம்பும் வதங்கும் மணம் லயம் முழுக்கப் பரவும். நாங்கள் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, லாரியில் பலகை போட்டு உட்கார்ந்து, நடுச்சாமப் பூசைக்குப் போவோம். திரும்பி வந்து, விடியப்போகும் நேரத்தில், அந்தக் கறியைத் தோசையோடு தின்போம். நோன்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அந்தச் சட்டியின் மூடி எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவுதான் எனக்குப் பாடம்.

குடில் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரவாங்கில் 1950-களிலிருந்து சிமெந்து ஆலை உண்டு. அதனால் சிமெந்துப் பைத் தாளுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தடித்த பழுப்புத் தாளை உதறி, கசக்கி, சோற்றுக் கஞ்சியில் முக்கி, பலகைத் துண்டுகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவோம். காய்ந்தால் கல் போல நிற்கும். அதன்மேல் கரித்தூளும் சுண்ணாம்பும் தெளித்தால் பெத்லகேம் குன்று தயார். தொல்லை என்னவென்றால், டிசம்பர் மழையில் எதுவும் காயாது. விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, ஓரம் கருகிவிடாமல் மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எப்போதும் பெண் பிள்ளைகளுக்குத்தான். கூரைக்கு லாலாங் புல், தரைக்கு மரத்தடியில் சுரண்டிய பாசி, குளத்துக்கு உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கத்தில் சவுக்கு மரக் கிளை ஒன்றை மில்க் டின்னில் மண் போட்டு நட்டு, பஞ்சைப் பிய்த்து ஒட்டி, சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைக் கத்தரித்துத் தொங்கவிடுவோம். பாலன் சொரூபம் மட்டும் வெளியே வராது. ஆயாவின் டிரங்குப் பெட்டியில், பழைய சேலைத் துண்டில் சுற்றிக் கிடக்கும். பூசை முடிந்து வந்த பிறகு வீட்டின் கடைக்குட்டி அதை எடுத்துப் புல்லணையில் வைப்பது வழக்கம். அது வரைக்கும் தீவனத்தொட்டி காலி.

மலாயாவில் மின்சாரம் முதலில் வந்த ஊர் ரவாங் என்று சொல்வார்கள். 1894-இல் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் இங்கே தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி வைத்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்தும் எங்கள் லயத்தில் ஜெனரேட்டர் விளக்குதான், இரவு பத்து மணிக்கு அணைந்துவிடும். எங்கள் நட்சத்திரத்துக்குள்ளே எரிந்தது மெழுகுவத்தி. மூங்கில் குச்சியைக் கட்டி, பட்டம் விடும் தாளை ஒட்டிச் செய்த நட்சத்திரம் அது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் பற்றிக்கொள்ளும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள் கையில் தண்ணீரோடு காவல் நிற்பார்கள். அச்சு முறுக்கும் நெய் உருண்டையும் சுடும் ராத்திரியில் அவர்களுடைய அம்மாக்களும் எங்கள் அடுப்படியில்தான் இருப்பார்கள். தீபாவளிக்கு எங்கள் அம்மா அவர்கள் வீட்டில் இருந்ததற்கு அது கைம்மாறு.

பிறகு தோட்டம் போயிற்று. ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியானது. சுங்கை சோவில் பெரொடுவா கார் ஆலை எழுந்தது. 1995-இல் கொம்யூட்டர் ரயில் ஓடத் தொடங்கியதும் ரவாங் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர்களின் ஊராகிவிட்டது. ஒரே லயத்தில் வரிசையாக இருந்தவர்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தார்கள். என் பேரப்பிள்ளைகள் இப்போது வளர்வது இரட்டை மாடி வரிசை வீட்டில். வாசலில் கேட், கேட்டுக்கு வெளியே பாதுகாவலர் சாவடி.

அவர்களுடைய டிசம்பரில் எதுவும் தாமதமாக வருவதில்லை. பேரங்காடிகளில் தீபாவளிக் கோலம் கலைந்த மறுவாரமே கிறிஸ்துமஸ் மரம் நின்றுவிடுகிறது. நவம்பர் 11-க்கு ஒரு இணைய விற்பனை, டிசம்பர் 12-க்கு இன்னொன்று. பொட்டலம் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஆட்டுக்கறி வேண்டுமென்றால் எந்த நாளிலும் கிடைக்கும். திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்திலேயே பிள்ளைகள் நான்கு கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போய், கேக்கும் தின்று, பரிசும் வாங்கிவிடுகிறார்கள். 25-ஆம் தேதி வரும்போது அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கிறது. வறுமையைத் திரும்பக் கொண்டுவர நான் விரும்பவில்லை. மழைக்குக் கூலி இழந்த என் அப்பாவின் முகம் எந்தப் பிள்ளையும் பார்க்க வேண்டிய முகமல்ல. ஆனால் அன்று மழையும் தூரமும் இல்லாமையும் எங்களைக் காக்க வைத்தன. இன்று காக்க வைக்க வெளியே யாரும் இல்லை. அந்த வேலை வீட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

அதற்குத்தான் மலர்வளையம் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். அது நம் ஊர் வழக்கமும் அல்ல, தொடக்கத்தில் கத்தோலிக்க வழக்கமும் அல்ல. 1839-இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகர்ன் என்ற லூத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால், ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினார் என்பார்கள். ஞாயிறுக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சின்னது. கத்தோலிக்கருக்கு அது இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. பொறுமை இல்லாத பிள்ளைகளுக்காகப் பிறந்த பொருள் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை.

எங்கள் வீட்டில் வளையத்துக்கு இன்னமும் சவுக்குக் கிளைதான். ஊதாவில் மூன்று, இளஞ்சிவப்பில் ஒன்று. இளஞ்சிவப்பு கிடைக்காத ஆண்டில் வெள்ளை மெழுகுவத்திக்கு ரிப்பன் சுற்றிவிடுவோம். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் விளக்கை அணைத்துவிட்டு ஏற்றுகிறோம். போன முறை சின்னவன் கேட்டான்:

“பாட்டி, எல்லாத்தையும் இன்னிக்கே கொளுத்திட்டா என்னா?”

“கொளுத்தலாம்ப்பா. அப்புறம் அடுத்த வாரம் எதைக் கொளுத்துவே?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “புதுசு வாங்கலாம்” என்றான். அவன் அக்காதான் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அன்றைக்கு எசாயா நூலிலிருந்து வாசகம் அவளுடையது. ஆங்கிலத்தில் கடகடவென்று வாசித்தாள், பிறகு நான் கேட்டதால் தமிழில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவள் வயதில் நான் வேதாகமத்தைத் தொட்டதே கிடையாது. அது உபதேசியாரின் கையில் மட்டும் இருந்த புத்தகம். இந்த ஒரு விஷயத்தில் இன்றைய பிள்ளைகள் எங்களைவிடப் பெரும் பணக்காரர்கள். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது. நாங்கள் பாதி ஆட்டுக்கறிக்காகவும் பாதி புதுச்சட்டைக்காகவும் காத்திருந்தோம். பாலனுக்குக் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. இன்னொரு மாற்றமும் எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது வளையத்துக்கு முன்னால் செபத்தைத் தொடங்குவது என் மருமகன். எங்கள் வீட்டில் அப்பா பிள்ளைகளோடு உட்கார்ந்து செபித்து நான் பார்த்ததில்லை.

இந்தக் காத்திருப்புக்கு நடுவே வரும் டிசம்பர் 3 புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1545-இல் மலாக்காவுக்கும் வந்தவர். தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தவர். தமிழ்க் கரையையும் இந்த மண்ணையும் தொட்ட அந்தக் கதையை நான் ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குச் சொல்லிவிடுவேன். மணியடிக்கும் இடம் வந்ததும் சின்னவன் ஒரு கரண்டியும் தட்டும் எடுத்துக்கொள்வான்.

கிறிஸ்துமஸ் பாட்டுச் சுற்றும் நிறைய மாறிவிட்டது. அன்று தோட்டத்து லாரி, ஆர்மோனியம், டோலக்கு, வீட்டுக்கு வீடு தேத்தண்ணீர். இந்து வீடுகளிலும் ஏறிப் பாடுவோம். இன்று அன்பியம்தான் சுற்றை நடத்துகிறது. 1976-இல் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் எல்லாரும் ஒரு மாதம் கூடிப் பேசினார்கள். அதன் பிறகு தாமான் வாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து வளர்ந்த அமைப்பு அது. தோட்டம் கலைந்த பிறகு அண்டை அயல் என்ற ஒன்று எங்களுக்கு மிஞ்சியது அதனால்தான். பாதுகாவலர் சாவடியில் முன்கூட்டியே சொல்லி, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் வீட்டுக்குள்ளே பாடுகிறார்கள். இரண்டு பாட்டு ஆங்கிலத்தில், ஒன்று மலாயில், ஒன்று தமிழில். அந்தத் தமிழ்ப் பாட்டுக்கு இளையவர்கள் கைப்பேசியைப் பார்த்துத்தான் பாட வேண்டியிருக்கிறது. எனக்கு அது வலிக்கிறது. கோயிலில் எந்த மொழிப் பூசைக்கும் போகட்டும், வீட்டுச் செபமும் ஒரு பாட்டும் தமிழில் இருக்கட்டும் என்று என் பிள்ளைகளிடம் சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன்.

2021-ஐ மறக்க முடியாது. டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். மறுநாள் திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. அந்தப் பக்கத்தில் இருந்த எங்கள் உறவுக் குடும்பம் ஒன்று மாற்றுத் துணி இல்லாமல் ரவாங்குக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் தங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத்துணியில் பாதியை எடுத்துக் கொடுத்தார்கள். பேத்தி தன் சிவப்பு கவுனைக் கொடுத்துவிட்டு அழுதாள், ஆனால் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஆண்டு நான்காவது மெழுகுவத்தியை ஏற்றியது அந்த வீட்டுப் பிள்ளை.

இன்னொரு மாற்றத்தைப் பற்றி வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எங்கள் காலத்தில் பள்ளி நவம்பரில் மூடி ஜனவரியில் திறக்கும். டிசம்பர் முழுக்கப் பிள்ளைகள் வீட்டில். பெருந்தொற்றுக்குப் பிறகு கல்வியாண்டு மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. சில கிறிஸ்துமஸ்கள் பள்ளி நாட்களுக்கு நடுவே ஒரு சின்ன விடுமுறைக்குள் ஒடுங்கின. 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-இல் விழுந்தது. காலையில் நான்காவது மெழுகுவத்தியை ஏற்றி, சாயங்காலம் கிறிஸ்துமஸ் பூசைக்குக் கிளம்பினோம். வீட்டுப்பாடம் ஒரு பக்கம், குடில் ஒரு பக்கம் என்று பிள்ளைகள் திணறினார்கள். 2026-இல் கல்வியாண்டு மறுபடி ஜனவரிக்குத் திரும்பிவிட்டது. டிசம்பர் விடுமுறை பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது.

இந்த முறை முதல் ஞாயிறு நவம்பர் 29. நாங்கள் பேசி முடித்தது இதுதான்: முதல் வாரம் வளையம் கட்டுவது, இரண்டாம் வாரம் குடில், மூன்றாம் வாரம் அச்சு முறுக்கு. பலகாரம் கடையில் வாங்கக் கூடாது. பழைய வீட்டு அண்டைக்காரர், இப்போது எழுபதைத் தாண்டிய இந்து அக்கா ஒருவர், மாவு பதம் பார்க்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அச்சை எண்ணெயில் முக்கும் வேலை யாருக்கு என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. பெண் பிள்ளைக்கு மட்டும் அடுப்படி என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது என்று நான் சொல்லிவிட்டேன். இந்த ஆண்டு சின்னவனும் அடுப்பங்கரையில் நிற்க வேண்டும்.