நள்ளிரவில் ஓடிய பம்ப்

நீச்சல் குளத்துப் பம்புக்கு டைமர் மாற்றுவதைப் பற்றி ஆண்டு மலரில் எழுதினால், "ஹாஸ்டல் பாத்ரூம்லயே தண்ணி வரல, இவனுக்கு நீச்சல் குளமா?" என்று நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டே படியுங்கள். நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு சூத்திரம் இதில் வருகிறது.

என் தாய்மாமா லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியன். கோடை விடுமுறையில் அவரோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் சின்ன நீச்சல் குளம், சுமார் 45,000 லிட்டர். தண்ணீரை இழுத்து மணல் ஃபில்டர் வழியாகத் திருப்பி அனுப்ப 1 ஹெச்.பி. மோட்டார். மணிக்கு 10,000 லிட்டர் என்று வைத்தால் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு சுற்று வர நாலரை மணி நேரம் ஆகும். அதனால் காலை 8 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை ஓடும்படி டைமர் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரரின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டைமர் அது.

புகார் என்னவென்றால், டைமர் சொன்னபடி கேட்கவில்லை. வாட்ச்மேன் பெரியவர்தான் விவரமாகச் சொன்னார். "ஒரு நாள் மத்தியானம் ஓடுது தம்பி, மறுநாள் சாயங்காலம் ஓடுது. ஒரு நாள் ராத்திரி ரெண்டரை மணிக்குத் தானா ஓடிச்சு, எனக்குக் குலையே நடுங்கிப் போச்சு. ஆனா வாரத்துல ஒரு நாள் அதுவா சரியாயிடுது."

கரண்ட் போனால் இந்த வகை டைமர் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதனால் மாமா முதலில் கரண்ட் கட்டைத்தான் சந்தேகப்பட்டார். அந்த வாரம் கரண்டே போகவில்லை என்று பெரியவர் அடித்துச் சொன்னார். "கியர் தேஞ்சிருக்கும் மாப்ளே, கழட்டிடலாம்" என்றார் மாமா.

கழற்றும்போது நேம் பிளேட்டைப் பார்த்தேன். 208 முதல் 277 வோல்ட், சரி. அதற்குப் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ்!

டைமருக்குள் இருப்பது ஒரு குட்டி சிங்க்ரோனஸ் மோட்டார். அது கியர் வழியாக டயலை 24 மணிக்கு ஒரு சுற்று சுற்றும். டயலில் திருகியிருக்கும் இரண்டு உலோகத் துண்டுகள் சுவிட்சைத் தட்டி ஆன், ஆஃப் செய்யும். சிங்க்ரோனஸ் மோட்டாரின் வேகம் என்ன? 120 பெருக்கல் ஃப்ரீக்வென்சி, வகுத்தல் போல்களின் எண்ணிக்கை. வோல்டேஜ் அதில் வரவே இல்லை. 60-க்குச் செய்ததை நம் 50-ல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்து பங்குதான். டயல் ஒரு சுற்று வர 28 மணி 48 நிமிடம் பிடிக்கும்.

திங்கள் மதியம் 12 மணிக்கு டயலைச் சரியாக வைத்ததாகச் சொன்னார்கள். அங்கேயே ஒரு அட்டையில் கணக்குப் போட்டேன். காலை 8-க்கு ஓட வேண்டிய பம்ப் செவ்வாய் பகல் 12-க்கு ஓடும். புதன் மாலை 4.48. வியாழன் இரவு 9.36. வெள்ளிக்கிழமை கிளம்பவே கிளம்பாது. சனி அதிகாலை 2.24, இதுதான் பெரியவரைப் பயமுறுத்திய பேய்! ஞாயிறு காலை 7.12. அன்று பகல் 12 மணிக்கு டயல் ஒரு முழு நாள் பின்தங்கி, சரியான நேரம் காட்டும். கியர் தேய்ந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்யுமா?

ஓடும் மொத்த நேரம் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு முறையும் 6 மணிக்குப் பதில் 7 மணி 12 நிமிடம் ஓடியிருக்கிறது. ஆறு நாளில் ஐந்து முறை, ஆக 36 மணி. ஆனால் காலையில் போடும் குளோரின் தண்ணீரில் கலக்காமல் போட்ட இடத்திலேயே கிடந்திருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷம்.

பெரியவர் பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னார். "மோட்டார் மேல கைய ஊனிக்கிட்டு வடிகட்டிக் கூடையைக் கழுவுவேன். சில நேரம் கை கூசும் தம்பி. வயசாச்சுல்ல." மாமா முகம் மாறிவிட்டது. டைமரை ஆஃபில் வைத்து, மோட்டார் டெர்மினலில் டெஸ்டரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

அமெரிக்க வீடுகளில் 240 வோல்ட் என்பது இரண்டு லைனுக்கு நடுவே கிடைப்பது. ஒவ்வொன்றும் எர்த்துக்கு 120 வோல்ட். நியூட்ரல் அதில் கிடையாது. அதனால் அந்த டைமர் இரண்டு வயரையும் துண்டிக்கும். இங்கே ஒன்றில் ஃபேஸும் மற்றதில் நியூட்ரலும் கொடுத்திருந்தார்கள். அதுவரை தப்பில்லை. ஆனால் ஃபேஸ் பக்கத்து ஸ்க்ரூ லூசாகிக் காண்டாக்ட் கருகியிருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் துண்டு வயரைப் போட்டு அதை நேராக்கிவிட்டார். அதன்பின் டைமர் துண்டித்தது நியூட்ரலை மட்டும்தான். நியூட்ரல் போனால் மோட்டார் நிற்கும், ஆனால் வைண்டிங் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். கடல் காற்றில் எர்த்து வயர் போல்ட்டோடு துருப்பிடித்து அறுந்திருந்தது. "மோட்டார் நிக்குது, இனி பயமில்ல" என்று நினைத்துத்தான் பெரியவர் ஈரக் கையை வைத்திருக்கிறார்.

எம்.சி.பி.யை இறக்கி அதன்மேல் டேப் ஒட்டினோம். மாமா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். டெஸ்ட் லேம்ப்பை முதலில் கரண்ட் உள்ள பாயிண்டில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு வேலை செய்யும் இடத்தில் வைப்பார். மறுபடி கரண்ட் உள்ள பாயிண்டுக்கே போவார். நடுவில் பல்பு போயிருந்தால், 'கரண்ட் இல்லை' என்று அது சொன்னதை நம்ப முடியாதல்லவா?

முதல் வேலையாக எர்த்து வயரைப் புதிதாக இழுத்தோம். அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒத்துப் போகாவிட்டால் அது விழுந்துவிடும். அப்புறம்தான் டைமர். 230 வோல்ட் குவார்ட்ஸ் வகை வாங்கினோம். இது சப்ளை ஃப்ரீக்வென்சியை நம்பாமல் படிகத்தின் அதிர்வை எண்ணி ஓடும். உள்ளே பாட்டரியும் இருப்பதால் கரண்ட் போனாலும் நேரம் நிற்காது.

டைமர் மேல் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 6 ஆம்பியர்தானே, நேராகக் கொடுக்கலாமே என்று கேட்டேன். "அந்தப் பதினாறு ஹீட்டருக்குடா. மோட்டார் கிளம்பும்போது அஞ்சாறு மடங்கு இழுக்கும், காண்டாக்ட் ஒட்டிக்கும்" என்றார். எனவே டைமர் ஒரு காண்டாக்டரின் காயிலை மட்டும் இயக்குகிறது. காண்டாக்டரின் ஒரு போல் ஃபேஸையும் இன்னொன்று நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கிறது. ஆஃபில் வைத்து மோட்டார் டெர்மினலைச் சோதித்தோம். டெஸ்டர் எரியவில்லை. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினோம், டக்கென்று விழுந்தது. அதற்கப்புறம்தான் பெரியவரைக் கூப்பிட்டு மோட்டார் மேல் கை வைக்கச் சொன்னார் மாமா, தான் முதலில் வைத்துக் காட்டிவிட்டு.

பழைய டைமரை வீட்டுக்காரர் வேண்டாமென்று எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது என் ஹாஸ்டல் ரூம் அலமாரியில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டு நண்பர்கள் யாருக்காவது சந்தேகம் இருந்தால் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு வரவும். 28 மணி 48 நிமிடம் உட்காரப் பொறுமை வேண்டும், டீ செலவு உங்களுடையது.