கண்ணாடிக்கு உட்புறமுள்ள பொருள்களைப் பிரதிபலிப்பின்றிப் படம் பிடித்தல்

காஞ்சீபுரம் ஜில்லாவில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் பரந்துள்ள பூமி, ஏரிப் பாசனத்தைக் கொண்டு சம்பாவும் நவரையும் விளைவித்து வந்த நெல் வட்டாரமாகும். இப்பொழுது அவ்வயல்களுக்கு இடையிடையே பெருந் தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. ஸெயின்ட் கோபேன் கம்பெனியார் 2000ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் பலகைக் கண்ணாடி உற்பத்தி செய்யத் தொடங்கினர். நோக்கியா கம்பெனியார் 2006இல் தொடங்கிய கைப்பேசித் தொழிற்சாலை 2014இல் நின்று போயிற்று எனினும், அத்தொழில் வட்டாரத்தை விட்டு நீங்கவில்லை. சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன்கள் பொருத்தப்பட்டு வருகின்றன. ஆகவே கண்ணாடியும், காமிரா அமைந்த கைப்பேசியும், நெல்லும் ஒரே வட்டாரத்தில் உண்டாகின்றன. இம்மூன்றும் ஒரு குடியானவரின் கையில் ஒன்று சேரும்பொழுது நேரக்கூடிய ஒரு பிசகும், அதற்கு அதிகச் செலவில்லாத பரிகாரங்களும் ஈண்டு விவரிக்கப்படுகின்றன.

பயிரில் நோய் கண்டவுடன், நோயுற்ற இலையைப் படமெடுத்துக் கைப்பேசி மூலம் வேளாண்மை அலுவலருக்கு அனுப்பி யோசனை கேட்பது இக்காலத்தில் எளிதாகியுள்ளது. ஆனால் பறித்த நெல்லிலை சிறிது நேரத்திற்குள் வாடி நெடுக்காகச் சுருண்டுகொள்ளும். அதை விரித்து நிறுத்தும் பொருட்டு ஒரு கண்ணாடித் துண்டின் கீழ் வைத்துப் படமெடுத்தால், வானத்தின் வெளிச்சமோ, கூரை விளக்கோ, படமெடுப்பவர் அணிந்துள்ள வெள்ளைச் சட்டையோ கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலையின்மேல் வெண்ணிறப் படலமாகவோ புள்ளியாகவோ படத்தில் பதிந்துவிடும்.

இது அழகுக் குறைவு மாத்திரமன்று. நெல்லின் குலை நோயில் இலைப்புள்ளி இரு முனையும் கூர்ந்து கண் போன்ற வடிவில் இருக்கும். அதன் நடுவிடம் சாம்பல் நிறமாகவும், ஓரம் பழுப்பாகவும் காணும். செம்புள்ளி நோயில் புள்ளிகள் எள்விதை போன்று சிறுத்து, இளம் பருவத்தில் முழுதும் பழுப்பாக இருக்கும். பழுப்புப் புள்ளியின் நடுவே கண்ணாடியின் வெளுப்பு விழுந்துவிட்டால், படத்தைப் பார்ப்பவருக்கு அது சாம்பல் நிற நடுவிடமாகத் தோன்றக்கூடும். தழைச்சத்து மிகுந்த பயிரில் குலை நோய் பெருகும். ஆகையால் அந்நோய் கண்டால் தழைச்சத்து மேலுரத்தை நிறுத்தச் சொல்வது வழக்கம். செம்புள்ளி நோயோ பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில் தலைகாட்டுவது. அங்குப் பயிருக்கு ஊட்டம் தேவை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், பசித்த பயிருக்கு உணவை மறுத்ததாகவும், தேவையற்ற மருந்துக்குப் பணம் செலவழித்ததாகவும் முடியும்.

பிரதிபலிப்பு உண்டாகும் விதம்

உருகிய கண்ணாடியை உருகிய தகரத்தின் மீது மிதக்கவிட்டுப் பலகையாக்கும் முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனியார் 1959இல் வெளியிட்டனர். இக்காலத்துப் பலகைக் கண்ணாடி பெரும்பாலும் இம்முறையில் ஆனதே. அதன் இரு முகங்களும் மிகவும் வழுவழுப்பானவை. அதனாலேயே அதில் தெரியும் பிரதிபிம்பமும் தெளிவாக இருக்கிறது.

கண்ணாடியின்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கு அதன் முன்முகத்திலும், மற்றும் 4 பங்கு பின்முகத்திலும் பட்டுத் திரும்புகிறது. ஆக, ஒரு பலகை சுமார் நூற்றுக்கு 8 பங்கைத் திருப்பிவிடும். இது சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் கண்ணாடியின் கீழுள்ள இலையிலிருந்து வரும் வெளிச்சத்தை 1 பங்கு எனவும், படமெடுப்பவரின் முதுகுப்புறம் உள்ள திறந்த வானத்தின் வெளிச்சத்தை 10 பங்கு எனவும் கொண்டால், வானத்தின் பிரதிபலிப்பு 0.8 பங்காகிறது. அதாவது இலையும் வானமும் ஏறத்தாழச் சம பலத்துடன் படத்தில் விழுகின்றன. அதே இடத்தில் வானத்திற்குப் பதிலாக, இலையைப் போல் இருபதில் ஒரு பங்கு வெளிச்சமே தரும் கறுப்புத் துணி இருக்குமாயின், பிரதிபலிப்பு ஆயிரத்தில் 4 பங்காகக் குறைந்து கண்ணுக்குப் புலப்படாது.

இக்கணக்கிலிருந்து விளங்கும் முக்கிய விஷயம் ஒன்றுண்டு. கண்ணாடி தானாக வெளுப்பை உண்டாக்குவதில்லை. தனக்கு எதிரே இருப்பதையே திருப்பிக் காட்டுகிறது. எதிரே வெளிச்சம் இருந்தால் வெளிச்சமும், இருள் இருந்தால் இருளும் தெரியும். ஆகவே பரிகாரம் கண்ணாடியில் இல்லை. காமிரா இருக்கும் பக்கத்தை இருட்டாக்குவதில் இருக்கிறது.

முதற் பரிகாரம்: கண்ணாடியை விலக்குதல்

கண்ணாடி இன்றியே எடுக்கக் கூடுமாயின் அதுவே சிறந்தது. நெல்லிலையை ஓர் அட்டையின்மேல் விரித்து, இரு நுனிகளையும் குண்டூசியால் குத்தி நிறுத்தினால் கண்ணாடி தேவையில்லை. வயலிலேயே, பறிப்பதற்கு முன், இலையின் பின்புறம் ஒரு காகிதத்தைப் பிடித்து எடுப்பதும் நல்லது. உயிருள்ள பூச்சியைச் சீசாவில் பிடித்து, சீசாவுடன் படமெடுப்பது மிகவும் கடினம். ஏனெனில் சீசாவின் வளைந்த பக்கம் சுற்றுப்புறம் முழுவதையும் தன்னுள் வாங்கிக் காட்டும். அச்சீசாவைச் சில நிமிஷங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் பூச்சி சோர்ந்து அடங்கும். அப்பொழுது அதை வெள்ளைத் தட்டில் கொட்டி, அது சுறுசுறுப்படைவதற்கு முன் படமெடுத்துவிடலாம்.

கறுப்புத் துணி முறை

கண்ணாடி மூடிய பூச்சிப் பெட்டிகள், குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் ஜன்னல், மீன் தொட்டி முதலியவற்றில் கண்ணாடியை விலக்க இயலாது. அத்தகைய இடங்களில் கறுப்புத் துணி கைகொடுக்கும். ஒரு முழச் சதுரமுள்ள கறுப்பு அட்டையையோ, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பளபளப்பில்லாத கறுப்புத் துணியையோ எடுத்து, அதன் நடுவில் காமிராக் கண் அளவுக்கு ஒரு துவாரம் செய்துகொள்ள வேண்டும். துவாரத்தின் வழியாகக் காமிராக் கண் மாத்திரம் வெளியே நோக்க, கைப்பேசியும் அதைப் பிடித்த கைகளும் அட்டையின் பின்னே மறைந்திருத்தல் வேண்டும். கண்ணாடிக்கு எதிரே கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லாமையால் பிரதிபலிப்பு ஒழிந்துவிடும்.

அட்டை கிடைக்காத வேளையில் வீட்டிலுள்ள கறுப்புக் குடை போதும். படமெடுப்பவரின் பின்புறம் மற்றொருவர் குடையை விரித்துப் பிடித்து, வானமும் ஜன்னலும் கண்ணாடியில் தெரியாதவாறு மறைத்தல் வேண்டும். வெள்ளை வேஷ்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்தவர் கண்ணாடிக்கு முன் குனிந்தால், அவ்வெண்மையே முதல் பிரதிபலிப்பாகும். கருநிறக் கம்பளியோ போர்வையோ மேலே போர்த்துக்கொள்வது நலம்.

கண்ணாடியை ஒட்டி எடுத்தல்

காமிராக் கண்ணைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்துவிட்டால், இடையில் வெளிச்சம் புக வழியில்லாமற் போகிறது. மீன் தொட்டியின் நடுவிலுள்ள மீனையும், பொரிப்பு இயந்திரத்தின் உள்ளிருக்கும் குஞ்சையும் எடுக்க இது மிகவும் சுலபமான முறை. ஆனால் கைப்பேசிக் காமிராக்கள் பல, சுமார் 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த தூரத்திலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டமாட்டா. ஆகையால் ஆழம் குறைந்த பூச்சிப் பெட்டிக்கும், கண்ணாடியின் கீழ் ஒட்டியிருக்கும் இலைக்கும் இம்முறை பயன்படாது. அவற்றிற்குக் கறுப்புத் துணி முறையே ஏற்றது.

விளக்கை வைக்கும் இடம்

கைப்பேசியிலுள்ள மின்வெட்டு விளக்கைக் கண்ணாடிக்கு நேரே உபயோகித்தால், அது நேராகத் திரும்பி வந்து படத்தின் நடுவே வெண்ணிறத் திட்டாக விழும். ஆகவே அதை அணைத்துவிடல் வேண்டும். சுவரில் எறிந்த பந்து எந்தச் சாய்வில் படுகிறதோ, அதே சாய்வில் மறுபுறம் திரும்புவது போலவே வெளிச்சமும் கண்ணாடியிலிருந்து திரும்பும். இதை உத்தேசித்து, விளக்கைக் காமிராவின் அருகில் வைக்காமல், பெட்டியின் பக்கவாட்டில் சுமார் 45 பாகைச் சாய்வில் வைத்தால், உட்புறமுள்ள பொருளுக்கு வெளிச்சம் கிடைக்கும். திரும்பும் ஒளியோ மறுபக்கம் சென்றுவிடும். இரு பக்கங்களிலும் ஒவ்வொரு விளக்கு வைத்தால் நிழல் குறையும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்து, காமிராவின் பின்னுள்ள கதவையும் சாத்துதல் அவசியம். பொருள் ஒளியிலும், காமிரா இருளிலும் இருத்தல் வேண்டும் என்பதே இதன் சாரம்.

வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும்பொழுது கண்ணாடியிலுள்ள தூசியும் விரல் ரேகையும் பளிச்செனத் தெரியும். முதலில் மெல்லிய பருத்தித் துணியை நீரில் நனைத்துத் துடைத்து, பின்னர் உலர்ந்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். மணல் துகள் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

தளவிளைவுக் கண்ணாடி

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கு ஒரு தனிக் குணம் உண்டென்பதைப் பிரான்சு தேசத்து மாலுஸ் என்பவர் 1808இல் கண்டார். அவ்வொளியின் அசைவு பெரும்பாலும் ஒரே திசையில் அமைந்திருக்கிறது. இதுவே தளவிளைவு எனப்படும். ஸ்காட்லாந்து தேசத்து புரூஸ்டர் என்பவர் 1815இல் இதன் விதியை வகுத்தார். சாதாரணக் கண்ணாடியில், அதன் முகத்துக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகைச் சாய்வில் நோக்கும்பொழுது இக்குணம் பூரணமாக இருக்கும். அந்நிலையில் தளவிளைவுக் கண்ணாடியைக் காமிராவின் முன் வைத்து மெதுவாகச் சுழற்றினால், ஏதோ ஒரு நிலையில் பிரதிபலிப்பு மங்கி மறையும். தளவிளைவு உள்ள வெயிற் கண்ணாடியையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

ஆயினும் இதற்கு மூன்று குறைகள் உள. கண்ணாடியை நேருக்கு நேர் நோக்கி எடுத்தால் இதனால் பலனில்லை. பொருளின் ஒளியிலும் பாதிக்கு மேல் இழந்துவிடுவதால், மங்கிய இடத்தில் கை அசைவு படத்தைக் கெடுக்கும். ஒரகடம் சாலையில் செல்லும் பஸ்ஸின் பக்க ஜன்னல் போன்ற, சூடேற்றிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடியின் வழியாக நோக்கின், கறை போன்ற கோலங்கள் அதில் தோன்றும். அங்குக் காமிராவை ஜன்னலோடு ஒட்டி வைப்பதே நலம்.

பூச்சு பூசிய கண்ணாடி

கண்ணாடியின்மேல் ஒளியலையின் நீளத்தில் கால் பங்கு கனமுள்ள மெல்லிய பூச்சு ஒன்றை ஏற்றினால் பிரதிபலிப்பு வெகுவாகக் குறையும். ஜெர்மனியில் ஸைஸ் கம்பெனியைச் சேர்ந்த ஸ்மாகுலா என்பவர் 1935இல் லென்ஸ்களுக்கு இவ்விதப் பூச்சைக் கண்டுபிடித்தார். பொருட்காட்சிச் சாலைகளுக்கென இத்தகைய பூச்சுள்ள பலகைக் கண்ணாடியும் இப்பொழுது கிடைக்கிறது; விலை அதிகம். கோயமுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குச் செல்லும் குடியானவர்கள், தங்கள் வயலில் கண்ட பூச்சியோடு ஒப்பிட விரும்பிப் படமெடுக்கும்பொழுது, விளக்கு நேரே தெரியாதபடி ஓரடி விலகி நின்று, கருநிறத் துண்டால் காமிராவைச் சுற்றி மறைத்துக்கொண்டாலே தக்க படம் கிடைக்கும். ஆனால் மிகவும் சாய்ந்து நின்று எடுத்தலாகாது. சாய்வு மிகுந்தால் பிரதிபலிப்பும் மிகும்.

அனுப்புமுன் செய்ய வேண்டிய சோதனை

இவ்வளவு செய்த பின்னும் படத்தில் ஒரு வெண்புள்ளி காணுமாயின், அது நோயின் அடையாளமா, கண்ணாடியின் மாயமா என்று அறிய எளிய வழி உண்டு. இலையையும் கண்ணாடியையும் அசைக்காமல், கைப்பேசியை மாத்திரம் நான்கு விரற்கடை இடப்புறமோ வலப்புறமோ நகர்த்தி மறுபடியும் ஒரு படம் எடுக்க வேண்டும். இலையிலுள்ள புள்ளி இலையின் அதே இடத்தில் நிற்கும். பிரதிபலிப்போ இலையின்மேல் இடம் பெயர்ந்து காணும். கைப்பேசி சில சமயம் பிரதிபிம்பத்தின் மீதே பார்வையை நிறுத்தி இலையை மங்கலாக்கிவிடும். திரையில் இலையின்மேல் விரலால் தொட்டால் பார்வை இலைக்குத் திரும்பும்.

இவ்விரு படங்களையும், வயலில் நிற்கும் பயிரின் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புதல் வேண்டும். அவற்றோடு நெல் ரகத்தின் பெயர், நட்ட தேதி, இதுவரை இட்ட உரத்தின் அளவு ஆகியவற்றையும் எழுதினால், அலுவலர் நோயை நிச்சயிப்பது எளிதாகும். ஐயம் தீராவிடில், நோயுற்ற இலைகளைக் காகிதத்தில் மடித்து நேரில் கொண்டுசென்று காட்டுவதே உத்தமம். அதுவரையில் மேலுரத்தையோ மருந்தையோ பற்றி அவசரமாக முடிவு செய்யாதிருத்தல் நலம்.