காற்றில் ஒரு முகவரி – 8: வீட்டார் சம்மதம்

பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம்களுக்கான உரிமத் தேர்வைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாடத்திட்டத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "வீட்டில் என்ன சொல்வார்களோ" என்ற தயக்கம்தான் அதிகம். திருப்பூரிலிருந்து ஒரு வாசகி, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தன் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறார். "அவர் ரஷ்யாவோடும் ஜப்பானோடும் பேசப் போகிறார், சந்தோஷம். பக்கத்து அறையில் இருக்கிற எங்களோடு எப்போது பேசுவார்?" நியாயமான கேள்வி. இந்த வாரத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

தபால்தலை சேர்ப்பவருக்கு அலமாரியில் ஒரு தட்டு போதும். ஹாம் வானொலிக்கு மொட்டை மாடி வேண்டும், ராத்திரி வேண்டும், வீட்டில் கொஞ்சம் அமைதியும் வேண்டும். மூன்றும் வீட்டில் எல்லோருக்கும் பொதுவானவை. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒருவர் தன்னந்தனியாக நடத்திவிட முடியாத பொழுதுபோக்கு இது. நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுடைய கருவிகள் சில வருஷங்களிலேயே பரணுக்குப் போய்விடுவதையும் பார்த்திருக்கிறேன்.

மாடியிலிருந்து ஆரம்பிப்போம். 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டும் சாதாரண டைபோல் ஆண்டெனாவின் நீளம் ஏறக்குறைய 20 மீட்டர். நடுவில் கேபிள் இறங்கும். இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் செம்புக் கம்பி. திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அதற்குப் போதவில்லை. ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டி அருகே நட்ட குழாயிலும், மறுமுனையைக் கொல்லைத் தென்னையிலும் கட்டினேன். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வடாம் காயவைக்கிற இடத்தில் கம்பி தலையில் இடிக்கக் கூடாது. நல்ல நிபந்தனை அது. பேசும்போது டைபோலின் இரண்டு நுனிகளிலும் மின்னழுத்தம் மிக அதிகமாக இருக்கும்; தொட்டால் தோல் பொசுங்கிவிடும். கம்பி உயரப் போனதில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. என் குரலும் முன்னைவிடத் தூரம் போனது.

ஐப்பசி பிறந்துவிட்டால் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். மேகம் கறுத்ததுமே ஆண்டெனா கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். மின்னல் நெருங்கிய பிறகு அதில் கை வைக்கக் கூடாது. நான் அலுவலகத்தில் இருக்கும்போது அம்மாதான் இதைச் செய்கிறார். கேபிள் முனையிலுள்ள கனெக்டரின் மரையை இடப்பக்கமாகத் திருகி உருவி, ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, "கழட்டியாச்சுப்பா" என்று போனில் ஒரு வார்த்தை சொல்வார். என் நிலையம் இத்தனை மழைக்காலங்களைத் தாண்டி வந்ததற்குக் காரணம் அவர்தான்.

அடுத்தது நேரம். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் கேரளம், கர்நாடகம், இலங்கை வரை தாராளமாகப் பேசலாம். அதற்கு மேல் போவது கடினம். தரையிலிருந்து 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும், அயனி மண்டலத்தின் டி அடுக்கு, வெயில் இருக்கும்வரை இந்த அலைகளை உறிஞ்சிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அப்போது அதே கம்பி, அதே கருவி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். 14 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா நன்றாகக் கிடைப்பதும் மாலையில்தான். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது எல்லாம் அதே நேரத்தில்தான். வீட்டுச் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்கும்.

எங்கள் வீட்டில் ஏழரை மணி முதல் ஒன்பது வரை கருவிக்கு ஓய்வு. விடியற்காலை என்னுடையது. நமக்குப் பொழுது விடியும் வேளையில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் இருட்டில் இருப்பதால் 7 மெகாஹெர்ட்ஸ் அப்போது மிக நன்றாக இருக்கும். எல்லோரும் தூங்கும் அந்த நேரத்தில் ஹெட்போன் போட்டுக்கொள்வேன். மற்ற நேரங்களில் வேண்டாம் என்பதை இளம் ஹாம்களுக்கு அழுத்திச் சொல்வேன். காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் வீட்டில் யாரும் பேச வர மாட்டார்கள். ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். கொரகொரப்பின் நடுவே ஒரு குரல் வரும்போது "இது எந்த ஊர்?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்ப்பார். குடும்பம் உள்ளே வருவது அந்தக் கேள்வியில்தான்.

சத்தம் என்றதும் பழைய தகராறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. ஞாயிறு காலையில் ஒளிபரப்பு. ஹாம்களுக்கும் ஓய்வு கிடைப்பது ஞாயிறு காலையில்தான். ஒலிபரப்பியிலிருந்து கசியும் உபரி அலைகள் பக்கத்து வீட்டுத் திரையில் கோடு கோடாக விழும். லோ பாஸ் ஃபில்டர், ஒழுங்கான எர்த் இரண்டும் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் மைக்கைத் தொடாமல் இருந்துவிடுவது என்று முடிவெடுத்த மூத்தவர்களை எனக்குத் தெரியும். தெருவோடு உறவு கெடாமல் இருந்ததால்தான் அவர்களுடைய ஆண்டெனாக்கள் நிலைத்தன.

இன்று நிலைமை தலைகீழ். எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், மலிவான மொபைல் சார்ஜர் எல்லாம் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. எங்கள் வீட்டில் ஒருமுறை 7 மெகாஹெர்ட்ஸ் முழுக்க விடாமல் ஒரு ரீங்காரம். பேட்டரியில் ஓடும் ரிசீவரை வைத்துக்கொண்டு நான் மாடியறையில் உட்கார்ந்தேன். கீழே மகள் மின்பலகையில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே "ஹால் ஆஃப், சமையலறை ஆஃப்" என்று குரல் கொடுத்தாள். "பூஜை அறை ஆஃப்" என்றபோது ரீங்காரம் நின்றது. சீரியல் விளக்கின் அடாப்டர்தான் காரணம். அந்தச் சாயங்காலத்தில் அவள் குறுக்கீடு என்றால் என்ன என்று கற்றுக்கொண்டதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

கேட்பதற்கு யாரும் வரலாம். பேசுவதற்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் மைக்கை வாங்கி இயக்கக் கூடாது என்பது விதி. இதனாலேயே பல வீடுகளில் ஒருவர் ஹாம் ஆனதும் மற்றவர்கள் பார்வையாளர்களாக நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்க வேண்டியதில்லை. ராஜீவ் காந்தி வி.யு.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறியோடு பேசிய ஹாம் என்பது பலருக்குத் தெரியும். சோனியா காந்திக்கும் வி.யு.2.எஸ்.ஓ.என். என்று சொந்தக் குறி உண்டு. கலிபோர்னியாவைச் சேர்ந்த லாயிட் கொல்வின், ஐரிஸ் கொல்வின் தம்பதி நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கிருந்தெல்லாம் பேசினார்கள். 1993இல் லாயிட் காலமானதுகூட அப்படியொரு பயணத்தில், துருக்கியில்தான். என் மனைவியும் தேர்வு எழுதினார். பொதுநிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் எடுக்க வேண்டும். வீணை பழகியவர் என்பதால் தாளம் அவர் காதில் சுலபமாக உட்கார்ந்தது.

பிள்ளைகளை இழுத்து வர நான் அறிந்த சிறந்த வழி விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் அந்த நிலையம், சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாக அனுப்பும். அதைப் பிடிக்க மகள் ஓர் ஆண்டெனா செய்தாள். தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு அளவு நாடாவை வெட்டி பி.வி.சி. குழாயில் பூட்டுகிற மூன்று உறுப்பு யாகி. பின்னால் இருக்கும் துண்டு 105 செ.மீ., முன்னால் இருப்பது 89 செ.மீ., நடுவில் இரண்டு அரைத் துண்டுகள். நாடாவின் மஞ்சள் பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுக்காவிட்டால் சால்டர் ஒட்டாது. அவள் பொறுமையாகத் தேய்த்தாள்.

சாயங்காலம் எல்லோரும் மாடிக்குப் போனோம். தென்மேற்கில் நிலையம் எழும் நேரம் தெரியும். அவள் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டே வர, கைக்கருவியில் ஒரு கீச்சொலி தெளிந்தது. மனைவி அதன் பக்கத்தில் போனைப் பிடித்தார். திரையில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக இறங்கியது. ஒரு படம் முழுதாக வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்; ஆண்டெனா கொஞ்சம் விலகினாலும் அந்த வரிகள் பொரிந்துபோகும். அம்மா தன் பங்குக்கு, "இன்னும் கொஞ்சம் வடக்கே திருப்பு" என்றார். பத்து நிமிடத்தில் நிலையம் தொடுவானத்தில் இறங்கிவிட்டது. அந்தப் படம் அச்சிட்டு ஹாலில் மாட்டப்பட்டிருக்கிறது.

விண்வெளியிலிருந்து முதன்முதலில் ஹாமாகப் பேசியவர் ஓவன் கேரியட். 1983இல் கொலம்பியா விண்கலத்திலிருந்து ஒரு கைக்கருவியை வைத்துக்கொண்டு பூமியிலிருந்த ஹாம்களுடன் பேசினார். 25 வருஷம் கழித்து, 2008இல், அவர் மகன் ரிச்சர்ட் கேரியட் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அவரும் ஹாம். அங்கிருந்து பேசியதோடு, நாங்கள் மாடியில் பிடித்தது போன்ற படங்களையும் அனுப்பினார். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் வானொலி வழியாக நம் மாணவர்களோடு பேசியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அந்தமானில் வெகுகாலம் ஹாம் ஒலிபரப்பு இல்லாமல் இருந்ததால், அங்கிருந்து வரும் குரலுக்காக உலகம் முழுவதும் ஹாம்கள் காத்திருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது. பின்னாலேயே கடல் வந்தது. தொலைபேசிகள் செயலிழந்தன. பொழுதுபோக்குக்காக அமைத்த நிலையம் தீவுகளின் செய்தி வாயிலாக மாறியது. இன்னார் உயிரோடு இருக்கிறார், நலமாக இருக்கிறார் என்ற தகவல் அங்கிருந்து பெருநிலத்திலிருந்த உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. போனுக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த அந்த வீடுகளுக்கு அதைவிடப் பெரிய செய்தி வேறென்ன இருந்திருக்க முடியும்?

திருப்பூர்ச் சகோதரிக்கு: உங்கள் கணவரின் புத்தகத்தை நீங்களும் எடுத்துப் படியுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் அவர் விண்ணப்பிக்கும்போது நீங்களும் தனியே ஒரு விண்ணப்பம் போடுங்கள். 12 வயது நிரம்பிய பிள்ளை வீட்டில் இருந்தால் அவரும் எழுதலாம்.

(தொடரும்)