சானடோரியம் போகாமலே குணமாகும் காசநோய்

சென்னை மின்சார ரயிலில் போய் வந்தவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன். பெயர், தாம்பரம் சானடோரியம். அது ஓர் ஆஸ்பத்திரியின் பெயர். டாக்டர் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக 1928-ம் ஆண்டில் அங்கே ஏற்படுத்திய ஆரோக்கிய நிலையத்தின் பெயரே ஸ்டேஷனுக்கும் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் க்ஷயரோகம் வந்தால் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியதுதான். நல்ல காற்று, பால், முட்டை, படுக்கையில் பூரண ஓய்வு, இவைதான் வைத்தியம். மாதக் கணக்கிலும் ஆகும், வருஷக் கணக்கிலும் ஆகும். சம்பாதிக்கிறவர் போய்ப் படுத்துவிட்டால் குடும்பம் என்ன சாப்பிடும் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. ஆகவே பலர் நோயை மறைத்தார்கள்.

மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மும்பையில் ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கி வேலைக்குப் போகிறார்கள். அதில் ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல். இரவில் லேசான காய்ச்சல், வியர்வை. சட்டை தொளதொளக்கிறது. அவர் வாய் திறப்பதில்லை. அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், வேலை போய்விடும், ஊரில் தங்கை கல்யாணம் தடைப்படும் என்று பயம்.

இந்தப் பயத்தில் பெரும் பகுதி தேவையற்றது என்று ஓர் ஆராய்ச்சி நிரூபித்தது. அது நடந்த இடம் சென்னை சேத்துப்பட்டு.

முதல் மருந்து

காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் 1882-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி அறிவித்தார். எதிரி யார் என்று தெரிந்தும் அறுபது ஆண்டு காலம் அதைக் கொல்ல மருந்து கிடைக்கவில்லை. 1940-களில்தான் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது.

அது உண்மையிலேயே குணப்படுத்துமா? பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை டாக்டர்கள் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்து, ஒட்டிய உறைக்குள் வைத்திருந்தார்கள். டாக்டர் தமக்குப் பிடித்தவருக்கோ, பிழைப்பார் என்று தோன்றுபவருக்கோ மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? 1948-ல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர் இறந்தார்கள்.

ஆனால் ஒரு சங்கடமும் தெரிந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு அந்த மருந்து பலிப்பதில்லை. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்ற விதி இப்படிப் பிறந்ததுதான்.

சேத்துப்பட்டில் நடந்தது

மருந்து வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம். ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கே போதும். மற்றவர்களை வீட்டில் வைத்துக் குணப்படுத்த முடியுமா?

இதற்கு விடை காண 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை வகித்தார்.

நகரத்தின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். இங்கும் குலுக்கல் முறைதான். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் தங்கினார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே, நெருக்கடியான அறைகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக் கொண்டு இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள். வீட்டில் இருப்பவர்கள் மருந்தைச் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள்.

1959-ல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 100-க்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது. பாலும் முட்டையும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு உடல் எடை அதிகம் கூடியது உண்மைதான். ஆனால் கிருமியை ஒழித்தது மாத்திரையே!

இன்னொரு கவலையும் இருந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்தால் மனைவி மக்களுக்குத் தொற்றாதா? குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட, வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை. காரணம் எளிது. வீட்டாருக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிப்பதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. சரியான மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் சக்தி விரைவில் குறைந்துவிடுகிறது.

அதாவது, மருந்து சாப்பிடுகிறவரால் வரும் ஆபத்து குறைவு. இருமலை மறைத்துக் கொண்டு இருப்பவரால் வரும் ஆபத்துதான் அதிகம்.

மாத்திரையை மறப்பவர்களுக்கு என்ன செய்வது என்பதையும் இதே மையம் ஆராய்ந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் பலன் உண்டு என்று 1964-ல் காட்டியது. 1990-களில் பல நாடுகளில் பரவிய 'நேரடிக் கண்காணிப்பு' முறைக்கு இதுவும் ஓர் அஸ்திவாரம். அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டிலேயே இயங்குகிறது.

இரண்டே மணி நேரம்

நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் மாறிவிட்டது. நெஞ்சு எக்ஸ்-ரே நிழலைக் காட்டும். நிழல் எல்லாம் காசநோய் அல்ல. சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய வழி. ஒரு மில்லி சளியில் கிருமிகள் ஆயிரக் கணக்கில் இருந்தால்தான் கண்ணில் படும். கிருமியை வளர்த்துப் பார்க்கலாம் என்றால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய கருவியைப் பல நாடுகளில் 1,730 பேரிடம் சோதித்தார்கள். அந்த ஆய்வு நடந்த நகரங்களில் மும்பையும் ஒன்று. 2010-ல் முடிவு வெளிவந்தது. மைக்ராஸ்கோப் கோட்டை விட்ட நோயாளிகளில்கூட 100-க்கு 72 பேரை ஒரே சோதனையில் இக்கருவி பிடித்துவிட்டது. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் பலிக்குமா, பலிக்காதா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. இதற்குப் பிடிக்கும் நேரம் சுமார் இரண்டு மணி. நம் நாட்டு அரசு மையங்களில் இதை 'சிபிநாட்' என்கிறார்கள். கோவாவில் தயாராகும் 'ட்ரூநாட்' என்ற சிறு கருவி பாட்டரியிலும் ஓடும். அதற்கு 2020-ல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் அளித்தது.

அடங்காத கிருமி

இப்போது சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. இங்கேதான் வெளியூர்த் தொழிலாளி சறுக்குகிறார். இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிடும். பசி எடுக்கும். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றும். பொங்கலுக்கு ஊருக்குப் போவார், மாத்திரை நின்றுவிடும். ஒளிந்திருக்கும் கிருமி மீண்டும் கிளம்பும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் அது மாறிவிடலாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு முன்பு 18 மாதத்துக்கு மேலும் சிகிச்சை நடக்கும். ஊசிகளால் சிலருக்குக் காதே கேட்காமல் போனதுண்டு. இதிலும் ஆராய்ச்சி வழி காட்டியிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், மிகவும் அடங்காத காசநோய் உள்ள 109 பேருக்குப் பெடாக்விலின், பிரெட்டோமானிட், லினசோலிட் என்ற மூன்று மருந்துகளை ஆறு மாதம் கொடுத்தார்கள். 100-க்கு 90 பேர் குணமடைந்ததாக 2020-ல் அறிவிக்கப்பட்டது. லினசோலிட் நரம்பையும் ரத்தத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால் டாக்டரின் கவனிப்பு அவசியம். இவற்றுடன் மாக்சிஃப்ளாக்சசின் சேர்ந்த ஆறு மாத சிகிச்சைக்கு இந்திய அரசு 2024-ல் அனுமதி வழங்கியது.

அரிசியும் பருப்பும்

அப்படியானால் சாப்பாட்டுக்கு முக்கியத்துவமே இல்லையா? உண்டு. அதன் வேலை வேறு.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ஓர் ஆய்வு நடந்தது. மங்களூர் மருத்துவக் கல்லூரி ஒன்றின் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோருடன் சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. 2,800 நோயாளிகளுக்கு மருந்துடன் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. அவர்கள் வீடுகளில் இருந்தவர்கள் 10,345 பேர். இவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை வழங்கினார்கள்.

2023-ல் முடிவு வெளியாயிற்று. அரிசி, பருப்பு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 100-க்கு 39 பங்கு குறைந்திருந்தது. சோதனையில் கிருமி உறுதியான நோயை மட்டும் கணக்கெடுத்தால் 48 பங்கு குறைவு! நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்துக்குள் எடை கூடியவர்களிடையே சாவு குறைந்திருந்தது.

சேத்துப்பட்டில் கண்டதற்கு இது முரண் அல்ல. நோயைக் குணப்படுத்துவது மாத்திரை. வீட்டில் இருப்பவர்களை நோய் அண்டாமல் காப்பதிலும், மெலிந்த நோயாளியைச் சாவிலிருந்து மீட்பதிலும் சோற்றுக்குப் பங்கு உண்டு. ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டை டீயும் பன்னுமாக முடித்துக் கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியிலோ மாநகராட்சி மருந்தகத்திலோ சளிப் பரிசோதனை செய்து கொள்ள வேண்டும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். இருமும்போது வாயை மூட வேண்டும்; அறை ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். தட்டு, டம்ளரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. இந்த நோய் காற்றின் வழியே பரவுவது. அறையில் உடன் இருப்பவர்களும் தங்களைப் பரிசோதித்துக் கொள்வது நல்லது.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

அரசின் 'நிக்ஷய்' பதிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் உண்டு. ஊருக்குப் புறப்படும் முன்பு அதைச் சொல்லிவிட்டுப் போனால், திருநெல்வேலியிலோ சேலத்திலோ மருந்து தொடரும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் வந்து கொண்டிருந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆக்கப்பட்டது.

உலகில் காசநோய் காண்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். அவர் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவராகவும் இருக்கலாம். அவர் இருமும்போது முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல், ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறவரே நல்ல நண்பர்.