டெபியன் வெளியீட்டுக் குறிப்புகள்

டெபியன் வெளியீட்டுக் குறிப்புகள் என்பது டெபியன் குனூ/லினக்ஸ் இயங்குதளத்தின் ஒவ்வொரு நிலையான பதிப்புடனும் வெளியிடப்படும் ஆவணம் ஆகும். முந்தைய பதிப்பைப் பயன்படுத்தி வருவோர் புதிய பதிப்புக்கு மாறும் முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இது தொகுத்துத் தருகின்றது. புதிதாக நிறுவுவோருக்கு நிறுவல் வழிகாட்டி என்ற வேறோர் ஆவணம் உண்டு. டெபியன் பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி திரைப்படப் பாத்திரங்களின் பெயர்கள் இடப்படுவதால், இக்குறிப்புகளும் சார்ச், எட்ச், லென்னி என அப்பெயர்களாலேயே அறியப்படுகின்றன.

தேவை

பல மென்பொருட்களில் வெளியீட்டுக் குறிப்பு என்பது புதிய வசதிகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றது. டெபியன் குறிப்புகளிலும் அத்தகைய இயல் உண்டு. ஆயினும் பயனர் தவறாது படிக்க வேண்டியவை, மேம்படுத்தும் முறையை விளக்கும் இயலும் அறிந்திருக்க வேண்டிய சிக்கல்களைக் கூறும் இயலுமே ஆகும்.

டெபியன் நிறுவப்பட்ட கணினியைப் பொதுவாக அழித்து மீண்டும் நிறுவுவதில்லை; இருந்தபடியே அடுத்த பதிப்புக்கு மேம்படுத்துவர். இடையிலுள்ள பதிப்பைத் தாண்டிச் செல்ல ஆதரவு இல்லை. கணினி இயங்கிக் கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான பொதிகள் மாற்றப்படுகின்றன. அக்கணினி வேறொரு நகரத்தின் தரவு மையத்தில் இருக்கும் வழங்கியாகவும் இருக்கலாம். மறுதொடக்கத்தின் பின் அதன் பிணைய இணைப்பு மீளவில்லையெனில், அருகில் சென்று திரையைப் பார்க்க எவரும் இரார். ஆகவே, டெல்நெட் வழியாக மேம்படுத்த வேண்டாம், அமைவுக் கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள், நடப்பவற்றை 'ஸ்கிரிப்ட்' கட்டளையால் பதிவு செய்யுங்கள் என்பன போன்ற அறிவுரைகள் இக்குறிப்புகளில் இடம்பெற்று வந்துள்ளன.

எட்ச் பதிப்பின் எடுத்துக்காட்டு

2005 ஜூன் 6 அன்று வெளியான சார்ச் (3.1) பதிப்பிலிருந்து, 2007 ஏப்ரல் 8 அன்று வெளியான எட்ச் (4.0) பதிப்புக்கு மாறுவதில் ஒரு வினோதமான சிக்கல் இருந்தது. வன்பொருட்களுக்குரிய சாதனக் கோப்புகளை உருவாக்கும் யூடெவ் என்னும் மென்பொருள், இயங்குதளத்தின் உட்கருவாகிய கருனியோடு நெருங்கிய தொடர்புடையது. எட்ச் பதிப்பின் யூடெவ், 2.6.15க்கு முற்பட்ட லினக்ஸ் கருனிகளோடு இயங்காது. சார்ச் பதிப்பிலோ 2.6 வரிசையில் 2.6.8 கருனியே இருந்தது. மறுபுறம், சார்ச்சின் பழைய யூடெவ் புதிய கருனிகளோடு சரிவர இயங்காது. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மறுதொடக்கம் செய்தவரின் கணினி, வன்பொருட்களை உரியவாறு அறியாது போகக்கூடும். இரண்டையும் மாற்றிய பின்னரே மறுதொடக்கம் செய்தால் தொல்லையில்லை.

கணினி இதனைத் தானாக உணர்ந்து கொள்வது கடினம். பொதி மேலாண்மை மென்பொருளுக்குப் பொதிகளின் சார்புகள் தெரியும். ஆனால் அக்கணத்தில் இயங்கிக் கொண்டிருக்கும் கருனி எது, பயனர் எப்போது மறுதொடக்கம் செய்வார் என்பன அச்சார்புகளில் அடங்கா. எனவே மனிதர் படிக்கும் ஆவணத்தில் செயல்களின் வரிசையை எழுதி வைப்பதே வழியாயிற்று. பிணைய அட்டைகள் இரண்டிருப்பின் அவற்றின் பெயர்கள் தம்முள் மாறிவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் எட்ச் குறிப்புகளில் இருந்தது.

தகவல் திரட்டல்

ஒரு பொதியில் என்ன மாறியது என்பதை நன்கறிந்தவர் அதன் பராமரிப்பாளர். அவர் அதனைப் பொதியுடன் வரும் செய்திக் கோப்பில் எழுதுவதுண்டு. ஏபிடி-லிஸ்ட்சேஞ்சஸ் என்னும் கருவி அச்செய்தியை மேம்படுத்தலின்போது திரையில் காட்டும். இது பயனுள்ளதே எனினும் காலந்தாழ்ந்தது: செய்தி திரையில் தோன்றும்போது பயனர் ஏற்கனவே பாதி வழியில் நிற்கிறார். முன்கூட்டியே அறிய வேண்டியவை வெளியீட்டுக் குறிப்புகளுக்குச் சென்று சேர வேண்டும். இதற்கென டெபியனின் வழு கண்காணிப்பு அமைப்பில் 'ரிலீஸ்-நோட்ஸ்' என்ற பெயரில், மென்பொருள் எதுவும் இல்லாத போலிப் பொதி ஒன்று உள்ளது. ஆவணத்தில் சேர்க்க வேண்டியதையும் திருத்த வேண்டியதையும் எவரும் அதன்மீது வழுவாகப் பதியலாம். மேம்படுத்திப் பார்த்தவர்களின் பட்டறிவைப் பதிய 'அப்கிரேட்-ரிப்போர்ட்ஸ்' என்ற மற்றொன்றும் உண்டு. நிரல் எழுதத் தெரியாதவரும் இவ்வியங்குதளத்திற்குப் பங்களிக்க எளிய வழி இதுவே எனலாம்.

நல்ல பதிவு பயனர் காணப்போகும் அறிகுறியைச் சொல்லி, செய்ய வேண்டியதையும் கூறும். பஸ்டர் (10, 2019) பதிப்பில் 'எஸ்யூ' கட்டளையின் நடத்தை மாறியது. அதனை வெறுமனே இட்டால் நிர்வாகியின் கட்டளைத் தேடல் பாதை இனி அமையாது. நெடுநாள் பழகிய கட்டளைகள் காணப்படவில்லை என்று கணினி கூறும். இறுதியில் ஒரு சிறுகோடு சேர்த்தாலே போதும். புல்ஸ்ஐ (11, 2021) குறிப்புகளோ, மேம்படுத்தலின் இடையே வழக்கத்தைவிட நீண்ட நேரம் புதிய எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்படுத்த இயலாது என எச்சரித்து, இணைப்பு அறுந்துபோகும் வாய்ப்பிருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கிப் பொதியை மட்டும் முதலில் மேம்படுத்துமாறு கூறின. தொலைவிலிருந்து பணிபுரிவோருக்கு இவ்வொரு பத்தி ஓர் இரவுத் தூக்கத்தின் விலை பெறும்.

மொழிபெயர்ப்பு

இக்குறிப்புகள் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. மூலம் நெடுங்காலம் டாக்புக் வடிவில் இருந்தது. 2025இல் வெளியான டிரிக்சி (13) பதிப்புக்கு ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றப்பட்டது. பெயர்ப்பாளர்கள் பத்தி பத்தியாகப் பிரிக்கப்பட்ட பிஓ கோப்புகளில் பணிபுரிகின்றனர். மூலத்தில் ஒரு சொல் மாறினும் அப்பத்தியின் பெயர்ப்பு மறுபார்வைக்கு உரியதாகிவிடும். தமிழிலும் கிடைக்கும் டெபியன் நிறுவியின் குறுந்தொடர்கள் ஒப்பீட்டளவில் நிலையானவை. வெளியீட்டுக் குறிப்புகளின் நீண்ட உரைநடை அத்தகையதன்று. மிக முக்கியமான எச்சரிக்கைகள் வெளியீட்டு நாளை ஒட்டியே கண்டறியப்படுவதால், மூலத்தை முன்னதாக உறையவைத்தால் ஆங்கிலம் அறிந்தவருக்கும் அவை கிட்டா. உறையவைக்காவிடில் பெயர்ப்புகள் பின்தங்கும். இம்முரண்பாட்டுக்கு முழுமையான தீர்வு இல்லை.

வெளியீட்டுக்குப் பின்னரும் குறிப்புகள் திருத்தப்படுகின்றன. எனவே குறுவட்டில் உள்ள படி பழையதாக இருக்கக்கூடும் என்பதால், டெபியன் இணையதளத்திலுள்ள அண்மைய படியையே பார்க்குமாறு ஆவணத்தின் தொடக்கத்தில் அறிவுறுத்தப்படுகின்றது.