கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

மலைப்பாதை ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். உயிருக்கு எது நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பேற்க மாட்டார் என்று அதில் இருக்கும். அந்தக் கையெழுத்தோடு தங்கள் உரிமை தீர்ந்துவிட்டதென்று ஓடுபவர்களும் குடும்பத்தாரும் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை தவறு என்பதைச் சீனாவில் நடந்த ஒரு பேரிழப்பை வைத்து விளக்கலாம். கான்சு மாகாணத்து ஜிங்தாய் வட்டாரத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில், கல்தூண்கள் நெருக்கமாக நிற்கும் வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் பெயரே கல்வனம். 2021 மே 22 அன்று அங்கே நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் 172 பேர் கலந்துகொண்டார்கள்; 21 பேர் உயிரோடு திரும்பவில்லை. சீனாவின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் இறந்தார்.

அவர்களைக் கொன்றது குளிர். வறண்ட பூமி, மே மாதம் என்றதும் நாம் வெயிலையும் தாகத்தையும்தான் நினைப்போம். ஆனால் மரமில்லாத மேட்டில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஆலங்கட்டியும் மழையும் சூறைக்காற்றும் சேர்ந்து வந்தபோது, அரைக்கால் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தவர்களின் உடல் வெப்பம் மளமளவென்று இறங்கியது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கை தடுமாறும், பேச்சு குழறும், முடிவெடுக்கும் தெளிவு போய்விடும். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் தானாக நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பலர் சிக்கியது இரண்டாம், மூன்றாம் சோதனை நிலையங்களுக்கு இடையே, ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற வேண்டிய செங்குத்தான பகுதியில். வண்டி ஏற முடியாத அந்த இடத்தில் உணவோ வெந்நீரோ ஒதுங்க இடமோ வைக்கப்படவில்லை. காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயப் பொருள்களில் இல்லை, எடுத்துவந்தால் நல்லது என்ற அளவில்தான் சொல்லப்பட்டிருந்தது. ஆறு பேரைக் காப்பாற்றியவர், தம் குகைவீட்டில் ஒதுங்கியிருந்த ஓர் ஆட்டிடையர். மலையில் நின்றிருக்க வேண்டிய மீட்புக் குழுவின் வேலையை அவர் தனி ஆளாகச் செய்தார்.

அபாயம் தெரிந்துதானே ஓடப் போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான், சட்டமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1176ஆம் பிரிவின்படி, அபாயமுள்ள விளையாட்டில் விரும்பிச் சேர்ந்தவர், உடன் விளையாடியவரால் காயம்பட்டால் பொதுவாக இழப்பீடு கேட்க முடியாது. வேண்டுமென்றோ மிகுந்த கவனக்குறைவாலோ நேர்ந்திருந்தால் மட்டும் கேட்கலாம். ஆனால் அதே பிரிவு ஏற்பாட்டாளரை அந்தப் பாதுகாப்பில் சேர்க்கவில்லை. அவருடைய பொறுப்பை 1198ஆம் பிரிவு தனியே பேசுகிறது: கூட்டம் சேர்த்து நிகழ்ச்சி நடத்துபவர் பாதுகாப்புக் கடமையில் தவறினால் இழப்பீடு தந்தாக வேண்டும். இன்னும் முக்கியமானது 506ஆம் பிரிவு. உடலுக்கு நேரும் காயத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால் அந்த வாசகம் செல்லாது. காலில் கல் தடுக்குவதும் தசை பிடிப்பதும் ஓடுபவர் ஏற்றுக்கொண்ட அபாயம். மீட்பு வழியில்லாத இடத்துக்கு, குளிருக்கு உடையில்லாமல் அனுப்பப்படுவதற்கு யாரும் சம்மதித்துவிடவில்லை.

வானிலையை யார் கட்டுப்படுத்த முடியும் என்ற வாதமும் எழும். கட்டுப்படுத்த முடியாது, ஓட்டத்தை நிறுத்த முடியும். பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கை முந்தைய நாளே வந்திருந்தது. அரசு விசாரணை, திடீர் வானிலை மாற்றத்தோடு முறையற்ற ஏற்பாட்டையும் காரணமாகச் சொன்னது. 2021 ஜூனில் விதிமுறை தெளிவாக இல்லாத மலை, பாலைவன ஓட்டங்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. கெடுபிடி விளையாட்டை அழித்துவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: விதி இல்லாததால்தான் அந்த ஓட்டங்கள் ஒரேயடியாக நின்றன. 2023 முதல் நடைமுறைக்கு வந்த திருத்திய விளையாட்டுச் சட்டம், கடும் வானிலையில் ஏற்பாட்டாளர் போட்டியை நிறுத்த வேண்டும், தவறினால் உள்ளூர் அரசு நிறுத்த உத்தரவிட வேண்டும் என்கிறது.

வெளிநாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்யும் தமிழர்களும் பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. எந்தப் பொருள்கள் கட்டாயம்? அவற்றைத் தொடக்கத்தில் யார் சோதிப்பார்? ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவரை எந்த வழியாக இறக்குவீர்கள்? ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம் யார் கையில்? பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள். பயணக் காப்பீடு சாகச விளையாட்டை விலக்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பலவற்றில் விலக்கு உண்டு. அசம்பாவிதம் நேர்ந்தால் விதிமுறை ஏடு, வந்த குறுஞ்செய்திகள், ஜி.பி.எஸ். பதிவு, மருத்துவச் சான்று எதையும் அழிக்க வேண்டாம். அந்தந்த நாட்டின் காலவரம்பை உடனே விசாரியுங்கள். சீனாவில் பொதுவான வரம்பு 3 ஆண்டுகள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் முதல் வாரத்திலேயே ஒரு தொகையோடு ஒப்பந்தம் நீட்டப்பட்டால், வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை கையெழுத்திட வேண்டாம்.