படகும் பிசினும்

மரத்தால் படகு கட்டும் தொழில் நம் நாட்டில் மிகவும் பழமையானது. பலகைகளின் இடுக்குகளில் நாரை அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயிற் காய்ச்சிப் பூசும் முறையைக் கடற்கரை ஊர்களில் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். கேரளத்துக் காயல்களில் ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசினர். குங்கிலியமும் ஒரு பிசின்தான். மரம் தந்த பிசின். இன்று அதன் இடத்தை ஆலைகளில் செய்யப்படும் இரசாயனப் பிசின்கள் பெற்றுள்ளன. கண்ணாடி இழைத் துணியை விரித்து, அதன்மேல் இப்பிசினைத் தோய்த்து இறுகச் செய்தால், படகுக்கு நீர்புகாத உறுதியான போர்வை கிடைக்கிறது. வீட்டு முற்றத்தில் தாமே பழைய படகைப் புதுப்பிக்க முனைவோர் முதலில் கேட்கும் கேள்வி, எந்தப் பிசினை வாங்குவது என்பதே. அதற்குரிய விடையை இப்பேச்சில் ஆராய்வோம்.

எர்ணாகுளத்தில் நமக்கு ஒரு நண்பர் உண்டு. அவருடைய தந்தையார் மீன்பிடித்த வள்ளம் ஒன்று பல ஆண்டுகளாகத் தென்னைமரத்தடியில் கிடந்தது. அதைப் புதுப்பிக்க விரும்பிய நண்பர், கடைக்காரர் மலிவாகக் கொடுத்த பிசினை வாங்கி, ஒரே வாரத்தில் போர்வை போர்த்தி முடித்தார். வள்ளம் புதியதுபோல் மின்னியது. அடுத்த மழைக்காலம் கழிந்த பின்னர், தம் மகளை ஏற்றிக்கொண்டு காயலைக் கடக்கையில், நட்டாற்றில் நீர் புகத் தொடங்கியது. ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் பாத்திரத்தால் நீரை இறைக்க, ஒருவாறு கரை சேர்ந்தனர். கவிழ்த்துப் பார்த்தபோது, கண்ணாடிப் போர்வை பலாப்பழத் தோல்போல உரிந்து வந்தது. உள்ளே மரம் கறுத்து இற்றிருந்தது. பிசின் கெட்டதன்று; அந்த வேலைக்கு அது ஏற்றதன்று.

சந்தையில் கிடைக்கும் படகுப் பிசின்கள் மூவகைப்படும்: பாலியெஸ்ட்டர், வைனைல் எஸ்ட்டர், எப்பாக்சி.

பாலியெஸ்ட்டர்ப் பிசின் ஸ்டைரீன் என்னும் திரவத்தில் கரைந்திருக்கும். பேராக்சைடு வகை ஊக்கியை, பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு, சேர்த்தால் இறுகும். விலை குறைவு, அச்சில் வைத்துப் புதிய கண்ணாடி இழைப் படகு வார்ப்பதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் இறுகும்போது கணிசமாகச் சுருங்கும். மரத்தைப் பற்றும் வலிமையும் குறைவு. மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். போர்வை அதற்கு இசைந்து கொடாவிடில் நாளடைவில் கழன்றுவிடும். நண்பரின் வள்ளத்தில் நேர்ந்தது இதுவே. இவ்வகையிலும் ஆர்த்தோ, ஐசோ என இரு பிரிவுகள் உண்டு. நீரைத் தாங்குவதில் ஐசோவே சிறந்தது.

வைனைல் எஸ்ட்டர் இடைப்பட்டது. எப்பாக்சியிலிருந்து பிறந்து, ஸ்டைரீனில் கரைந்து, பாலியெஸ்ட்டரைப் போலவே ஊக்கியால் இறுகுகிறது. நீரில் நெடுநாள் மூழ்கியிருந்தாலும் எளிதிற் சிதையாது. பழைய கண்ணாடி இழைப் படகுகளின் அடிப்புறத்தில் சில வேளைகளில் கொப்புளங்கள் தோன்றுவதைக் காணலாம். நீர் நுண்ணிய அளவில் உட்புகுந்து, உள்ளேயுள்ள கரையும் பொருள்களோடு சேர்ந்து, மேலும் நீரை ஈர்ப்பதால் அவை உண்டாகின்றன. அத்தகைய படகுகளைச் செப்பனிட வைனைல் எஸ்ட்டரோ எப்பாக்சியோ பொருந்தும்.

எப்பாக்சி, பிசினும் கடினமாக்கியும் ஆகிய இரு திரவங்களாக வரும். மரத்தை இறுகப் பற்றும். மிகக் குறைவாகவே சுருங்கும். பசையாகவும், நிரப்பியாகவும், போர்வையாகவும் பயன்படும். விலையோ பாலியெஸ்ட்டரைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கக்கூடும். கதிரவன் ஒளியில் நாளடைவில் நலிவதால், மேலே வண்ணம் பூசுதல் இன்றியமையாதது.

ஆகவே விதி எளியது. பழைய மரப்படகாயின் எப்பாக்சி. பழைய கண்ணாடி இழைப் படகாயின், நீர்மட்டத்துக்கு மேல் ஐசோ பாலியெஸ்ட்டர், கீழே வைனைல் எஸ்ட்டர் அல்லது எப்பாக்சி. அச்சில் புதிதாக வார்ப்பதாயின் பாலியெஸ்ட்டர். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: பாலியெஸ்ட்டரின்மேல், நன்கு தேய்த்துத் துப்புரவாக்கினால், எப்பாக்சி பற்றும், எப்பாக்சியின்மேல் பாலியெஸ்ட்டர் சரிவரப் பற்றாது. துணியிலும் கவனம் வேண்டும். வெட்டிய இழைகளைப் பரப்பிச் செய்த பாய், தன் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்றே அமைந்தது. எப்பாக்சிக்கு நெய்த துணியே ஏற்றது.

கொச்சியில் 1957-ல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம், ரப்பர் மரத்துக்கு மருந்தூட்டி, கண்ணாடி இழைப் போர்வை போர்த்திய வள்ளங்களைச் செய்து காட்டியது. அங்கே மரம் புதியது, மருந்தூட்டப்பட்டது, செய்தவர் வல்லுநர். எண்ணெய் ஊறிய பழைய வள்ளத்துக்கு அந்த வசதிகள் இல்லை. எந்தப் பிசினும் இற்ற மரத்துக்கு உயிர் கொடாது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், இற்றுப்போதல் கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். எனவே இற்ற பகுதியை வெட்டி நீக்கிப் புதுப்பலகை பொருத்தி, பழைய எண்ணெயைச் சுரண்டி, புதுமரம் தெரியும்வரை இழைக்க வேண்டும். கயிற்றால் தைத்த வள்ளத்தின் பலகைகள் அசைந்துகொடுப்பவை. அதற்கு விறைப்பான போர்வை பொருந்தாது.

மரத்தின் ஈரம் நூற்றுக்கு 12 பங்கை ஒட்டியிருத்தல் நலம். இதை அறிய ஒரு வழி உண்டு. சிறு மரத்துண்டை நிறுத்து, எடை மேலும் குறையாத நிலை வரும்வரை மிதமான அடுப்புச் சூட்டில் உலர்த்தி, மறுபடியும் நிறுக்கவும். 56 கிராம் 50 கிராமாகக் குறைந்தால், போன ஈரம் 6 கிராம். உலர்ந்த எடையில் அது நூற்றுக்கு 12. காற்றே ஈரமாயிருக்கும் மழைக்காலத்தில் இந்நிலை கிட்டாது. கேரளத்தில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள வறண்ட நாள்களே இவ்வேலைக்கு உகந்தவை.

இனி, கலக்கும் முறை. இங்கே நம் சொந்தப் பிழை ஒன்றைக் கூறியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர், பாலியெஸ்ட்டர்ப் பிசினுக்குரிய செய்முறைக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. இப்பிசினோடு கோபால்ட்டு கலந்த முடுக்கியும், பேராக்சைடு ஊக்கியும் தனித்தனிப் புட்டிகளில் வருவதுண்டு. நாம் இரண்டையுமே ‘ஊக்கி’ என்று எழுதிவிட்டோம். கைப்படியைப் படித்த முதிய தொழிலாளி ஒருவர், “ஐயா, ஊக்கியோடு ஊக்கியைச் சேர்க்காதே என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த ஊக்கியோடு எந்த ஊக்கியை?” என்று கேட்டார். நமக்கு உடல் சிலிர்த்தது. ஏனெனில் அவ்விரண்டையும் நேராகக் கலந்தால் கடுமையாக வெடிக்கும்; தீப்பற்றும். முதலில் முடுக்கியைப் பிசினில் முற்றக் கலந்து, அதன் பின்னரே ஊக்கியைச் சேர்க்க வேண்டும். அன்றுமுதல் ஒன்றுக்கு முடுக்கி என்றும், மற்றதற்கு ஊக்கி என்றும் தவறாது எழுதி வருகிறோம். சொல் ஒன்று பிழைத்தால் மனிதர் ஒருவரின் கண் போகக்கூடும் என்பதை அத்தொழிலாளியிடம் கற்றோம். ஊக்கி கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடலாம். கண்ணாடிக் கவசமின்றி அதைத் தொடலாகாது.

எப்பாக்சியின் இயல்பு வேறு. பாலியெஸ்ட்டரில் ஊக்கியின் அளவை ஓர் எல்லைக்குள் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்சியில் கடினமாக்கி பிசினோடு கூடியே பொருளாகிறது. செய்தவர் குறித்த விகிதத்தை அணுவளவும் மாற்றலாகாது. விரைவில் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால், மிகுதி இறுகாமலே தங்கி, போர்வை மென்மையாகிவிடும். வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால், இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகையால் நம் நாட்டு வெயிலில் மெதுவாக இறுகும் கடினமாக்கியை வாங்கி, சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றிப் பயன்படுத்துக. ஆழமான பாத்திரத்தில் நிறையக் கலந்தால் தன் சூட்டிலேயே புகையும். இறுகிய மேற்பரப்பில் மெழுகுபோன்ற படலம் தோன்றினால், வெறும் நீரால் கழுவித் துடைத்துத் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சைப் பூசுக. எப்பாக்சி தோலிற் பட்டுப்பட்டு ஒவ்வாமை உண்டாக்கும், கையுறை தேவை. ஸ்டைரீன் ஆவி எளிதில் தீப்பற்றும், மூச்சுக்கும் கேடு. திறந்த வெளியே ஏற்ற இடம்.

அளவும் அறிந்து கொள்வோம். பத்துச் சதுர மீட்டர்ப் பரப்புள்ள வள்ளத்துக்கு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியை இரண்டடுக்காக விரித்தால் துணி 4 கிலோ. அதை நனைக்க ஏறக்குறைய அதே எடைப் பிசின். மரம் உறிஞ்சுவதற்கும், மேற்பூச்சுகளுக்கும், வீணாவதற்கும் சேர்த்து மொத்தம் 10 கிலோ வரை வாங்குதல் தகும்.

நண்பர் மறுமுறை அவசரப்படவில்லை. மழை ஓய்ந்தபின் வள்ளத்தை நிழலில் உலர்த்தி, மூன்று பலகைகளை மாற்றி, பிப்ரவரியில் எப்பாக்சிப் போர்வை போர்த்தி, வண்ணம் பூசினார். செலவு முன்னதினும் மிகுதி. ஆனால் முன்னதை இருமுறை செய்யும் செலவைவிடக் குறைவு. அதன்பின் மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அவ்வள்ளத்தில் நாமும் ஒரு நாள் ஏறிக் காயலைக் கடந்தோம். நீர் இறைக்கும் பாத்திரம் அணியத்தில் காய்ந்து கிடந்தது. ஆயினும் நண்பர் அதைக் கரையில் விட்டு வருவதில்லை.